வலது காலுக்கு ஓர் ஆல்பம்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது கால் நலமாக இருக்கிறது. உங்கள் அத்தை நலம் என்று சொல்லச் சொன்னாள். உங்கள் மனைவியும் நலம். வலது காலின் நலத்தை ஒரே வரியில் எழுதிவிட முடியாது என்பதால் அதற்குக் கீழே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன். உங்கள் நலத்தையும், உங்கள் கேமராக்களின் நலத்தையும், முக்கியமாக உங்கள் கணினியின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். கணினி பழுதாகிச் சில காலம் ஓடாமல் கிடந்தால் அந்த நல்ல செய்தியை உடனே தெரிவிக்கவும்.

இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் வெளியூரில் அடுத்தடுத்துக் கல்யாணங்களைப் படம்பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களோடு ஃபோனில் பேசினால் பின்னால் பாட்டுச் சத்தம், முன்னால் “ஆமா மாமா, சரி மாமா, வந்து பேசறேன் மாமா.” உலகத்தில் எந்த விஷயத்தையும் இந்த மூன்றுக்குள் முடித்துவிடும் திறமை உங்களுக்கு உண்டு. கடிதத்துக்கு “ஆமா மாமா” போட முடியாது, கடைசிவரை படித்தே ஆக வேண்டும். தவிர, ஒரு மாமனார் மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடாதவை சில உண்டு. அவற்றை மரியாதையாக எழுத மட்டுமே முடியும். நான் மிகுந்த மரியாதையோடு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதை ஒவ்வொரு பத்தியிலும் நினைவில் வைத்துக்கொள்ளவும். உங்கள் மனைவி, “அவருக்கு இப்ப சொல்லாதீங்கப்பா, வேலை நேரத்துல பதறிடுவார், கை நடுங்கினா படமெல்லாம் ஆடிப்போயிடும்” என்றாள். ஆடிப்போன படம் ஒன்றும் பெரிய ஆபத்து இல்லை, ஆடாமல் அசையாமல் துல்லியமாக வந்த படம் என்ன செய்யும் என்பதை நான் இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டு அனுபவித்துவருகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

வரிசையாகச் சொல்கிறேன். அந்தக் காய்ச்சல் நினைவிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் வந்தது, எல்லோரையும் விட்டுப் போனது, என்னை விட்டுப் போகும்போது மட்டும் எதையோ மறந்து வைத்துவிட்டுப் போனது. காய்ச்சல் டாக்டரிடம் என்ன காய்ச்சல் என்று கேட்டேன். வைரஸ் என்றார். எந்த வைரஸ் என்றேன். “இப்ப சுத்திக்கிட்டு இருக்கே, அதுதான்” என்றார். நான் முப்பது ஆண்டுகள் மோட்டார் இன்ஷூரன்ஸில் இடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டவன். ‘எந்த வண்டி இடித்தது?’ என்ற கேள்விக்கு ‘ரோட்டில் போய்க்கொண்டிருந்ததுதான்’ என்று யாராவது பதில் எழுதியிருந்தால் கோப்பை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன். மருத்துவத்தில் அதற்கு மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். காய்ச்சல் இறங்கியது. இறங்கிய கையோடு வலது கெண்டைக்காலில் ஒரு பிடிப்பு வந்தது. தெருமுனைக் கடை வரைக்கும் போனால் கால் நின்றுவிடும். நானும் மரியாதைக்கு அதோடு நிற்பேன். வலது பாதம் சில்லென்று இருந்தது. மறுபடி அதே டாக்டரிடம் போனேன். அவர் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “வயசாகுது இல்ல?” என்றார். இடது காலுக்கும் அதே வயதுதான் என்று சொன்னேன். அந்த வாதம் அவருக்குப் புதிதாக இருந்தது போலும், ரத்தக்குழாய் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ரத்தக்குழாய் டாக்டரைப் பார்க்கப் போனால் அவரைப் பார்க்க முடியவில்லை. ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தால்தான் டாக்டர் பார்ப்பார் என்று அவருடைய உதவியாளர் சொன்னார். எடுத்தேன். ஸ்கேன் மையத்தில் கையில் ஊசி ஏற்றி மருந்து உள்ளே போனதும் தொண்டையிலிருந்து தொடை வரை ஒரு சூடு இறங்கியது. வளையத்துக்குள் என்னை நுழைத்தார்கள். இயந்திரத்துக்குள் ஒரு பெண் குரல் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது, சற்று நேரத்தில் மூச்சு விடலாம் என்று அதுவே அனுமதியும் கொடுத்தது. நம் வீட்டில் முதல் உத்தரவு மட்டும்தான் வரும் என்பதால் எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் ஒரு மதிப்பு ஏற்பட்டது. எல்லாம் முடிந்து வெளியே வந்தால், ஃபிலிம் அச்சடிக்கும் மெஷின் ரிப்பேர், ரிப்போர்ட் எழுதும் டாக்டர் லீவு, படங்கள் பென் டிரைவில் இருக்கின்றன என்று கையில் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ரத்தக்குழாய் டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போனால், வரவேற்பில் இருந்த பெண் அதைத் தொடவே மறுத்தாள். “வெளி பென் டிரைவ் எதையும் போடக்கூடாது சார். எங்க கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்துடும்.” மனிதர்களுக்கு வராமல் பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் கணினியையாவது காப்பாற்றிக்கொள்ளட்டும் என்று நான் பென் டிரைவோடு வீட்டுக்குத் திரும்பினேன். அங்கேதான் விதி உங்கள் உருவத்தில் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது.

“குடுங்க மாமா. நான் பிரிண்ட் போட்டுத் தரேன். அவங்க ஃபிலிம்ல போடறதைவிட சூப்பரா வரும்” என்றீர்கள். அந்த வார்த்தையை நீங்கள் காப்பாற்றினீர்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

மறுவாரம் நீங்கள் கொண்டுவந்தது பிரிண்ட் இல்லை, ஆல்பம். தடித்த மெரூன் அட்டை, பொன்னிற விளிம்பு, பக்கங்களுக்கு நடுவே மெல்லிய தாள். அட்டையில் ‘இனிய நினைவுகள்’ என்று எழுதியிருந்தது. அது அட்டையோடு வருவது, எடுக்க முடியாது என்று விளக்கினீர்கள். முதல் பக்கத்தில் என் இடுப்பெலும்பு வான்நீலப் பின்னணியில் இருந்தது. அடுத்ததில் இரண்டு தொடைகளும் ஒரு சூரிய அஸ்தமனத்தின் முன்னால் நின்றன. முழங்கால்கள் தனித்தனியே நீள்வட்டச் சட்டங்களுக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. நடுப்பக்கத்தில், இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பரப்பி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை என் ரத்தக்குழாய்கள். என்ன நேர்த்தி! வளைவு இல்லை, சுளிவு இல்லை, ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை. இரண்டு கால்களும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. உங்கள் அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். “நம்ம கல்யாண ஆல்பத்துலகூட நீங்க இவ்வளவு நல்லா இல்லை” என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாடி வீட்டுக்காரர் வந்தபோது அவருக்கும் காட்டினோம். அவர் தன் மகளின் கல்யாணத்துக்கு உங்கள் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொடுத்ததற்காக நான் இப்போது வருந்தவில்லை. அவர் மகளுக்கு ரத்தக்குழாயில் எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ரத்தக்குழாய் டாக்டர் ஆல்பத்தைப் பெற்றுக்கொண்டார். மடியில் வைத்து, மெல்லிய தாள்களைப் பதமாக விலக்கி விலக்கிப் பார்த்தார். எத்தனையோ ஃபிலிம்களை வெளிச்சப் பலகையில் மாட்டிப் பார்த்து அலுத்த மனிதர். இப்படி மடியில் வைத்துப் பார்க்கும் சுகத்தை வாழ்க்கையில் முதல் முறையாக நீங்கள்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நடுப்பக்கம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “உங்க வயசு என்ன சொன்னீங்க?” என்றார். சொன்னேன். “நம்பவே முடியலையே! இது இருபது வயசுப் பையனோட குழாய் சார். சர்க்கரை இருக்குன்னு வேற எழுதியிருக்கு!” நான் வெட்கப்பட்டேன். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, வந்ததும் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். “ரிப்போர்ட் எல்லாம் எதுக்கு? நான் ரிப்போர்ட்டே படிக்கறதில்லை. படம்தான் என்கிட்ட பேசணும்” என்றார். படம் பேசியது. கால் பேச முயன்றது, ஆனால் அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அவர் என் காலைத் தொடவில்லை. இவ்வளவு அழகான படம் கையில் இருக்கும்போது அசலைத் தொட்டுப் பார்ப்பது யாருக்கும் அநாகரிகமாகத்தான் தோன்றும். “காய்ச்சலுக்கு அப்புறம் வர்ற தசைவலிதான் இது. நடங்க. வலிச்சாலும் நடங்க. விட்டுடாதீங்க” என்று கைகுலுக்கி அனுப்பினார். ஆல்பத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் நடந்தது உங்களுக்கு ஓரளவு தெரியும், ஏனென்றால் அதில் கொஞ்சம் நீங்களும் நடத்தினீர்கள். நான் தெருவில் பாதியில் நின்றால், உங்கள் மனைவி பின்னாலிருந்து “அப்பா, டாக்டர் என்ன சொன்னார்?” என்பாள். வீட்டுக்குள் நொண்டினால் உங்கள் அத்தை அடுப்படியிலிருந்தே, “படத்துல எல்லாம் நல்லாத்தானே இருக்கு? ஏன் இப்படி இழுத்து இழுத்து நடக்கறீங்க? கடைக்குப் போகச் சொல்லிடுவேன்னு நடிப்பு” என்பாள். நீங்களும் ஒருநாள், “மாமா, எனக்கு இந்த மாதிரி குழாய் இருந்தா மலையே ஏறிடுவேன்” என்றீர்கள். வலிக்கிறது என்று நான் சொன்னால் ஆல்பத்தை எடுத்து வந்து என் முன்னால் வைப்பார்கள். ஒரு கட்டத்தில் எனக்கே என் கால்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வேலையில் இருந்த காலத்தில் கண்ணீரும் கம்பலையுமாக எத்தனையோ பேர் வந்து என் முன்னால் நின்றிருக்கிறார்கள்; படம் இருக்கா என்று ஒரே வார்த்தையில் வாயடைத்திருக்கிறேன். இப்போது எதிர்த்தரப்பில் படம் இருந்தது, என் தரப்பில் ஒரு கால் மட்டும்தான் இருந்தது. பழைய வேலையின் வழக்கப்படி கோரிக்கையை நானே நிராகரித்துவிட்டு நடந்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அடிபடாத வண்டியை அடிபட்டதாகக் காட்டும் படங்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. அடிபட்ட வண்டியைப் புதுவண்டியாகக் காட்டும் படம் ஒன்றுகூட வந்ததில்லை. அதனால் அப்படி ஒன்று இருக்க முடியும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. என் அனுபவத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்திருக்கிறது. நீங்கள் அடைத்தீர்கள்.

நடக்க நடக்கச் சுண்டுவிரல் நிறம் மாறியது. புதுக் காலுறையின் சாயம் என்று உங்கள் அத்தை தீர்ப்பு சொன்னாள். என்னை முக்காலியில் உட்காரவைத்து, பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்து, “என்ன சாயமோ, போகவே மாட்டேங்குது” என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தாள். சாயம் போகவில்லை, பக்கத்து விரலுக்கும் போனது. அதற்குள் நீங்கள் கல்யாணங்களுக்குக் கிளம்பிவிட்டீர்கள். நான் ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அத்தையையும் உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு மறுபடி ரத்தக்குழாய் டாக்டரிடம் போனேன். போனேன் என்று எழுதுகிறேன், உண்மையில் இழுத்துக்கொண்டு போனார்கள். விரலின் நிறத்தைச் சொன்னதும் அவர் புன்னகைத்தார். நான் நீட்டிய காலைப் பார்க்காமல் ஆல்பத்துக்குக் கை நீட்டினார். நடுப்பக்கத்தைப் பிரித்தார்.

“பாருங்க, குழாய்ல ஒண்ணுமே இல்லை. வலிக்கு வேற காரணம் இருக்கு. ரெண்டு கால்லயும் கம்பி வெச்சிருக்காங்க இல்ல, அதனால இருக்கலாம். எப்ப அடிபட்டது?”

“ஒரு கால்லதான் டாக்டர்” என்றேன்.

“எது?”

“ஒரு கால்லதான் கம்பி. இடது. வண்டியைப் பார்வையிடப் போன இடத்துல அந்த வண்டியே பின்னால உருண்டு வந்து இடிச்சது.”

“அப்ப வலது கால்ல?”

“வலது கால்ல ஒரு முள்கூடக் குத்தினது இல்லை டாக்டர்.”

அவர் படத்தைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன். இடது முழங்காலுக்குக் கீழே ஒரு கம்பி, அதில் நான்கு திருகாணிகள், மேலிருந்து இரண்டாவது சற்றே கோணல். வலது முழங்காலுக்குக் கீழேயும் ஒரு கம்பி, நான்கு திருகாணிகள், இரண்டாவது கோணல். கண்ணாடியில் பார்த்தமாதிரி எதிரும் புதிருமாக நின்றன.  பிறகு டாக்டர் ஆல்பத்தை மூடினார். மேசையைச் சுற்றி வந்து, நான் அவரிடம் வரத் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக, என் வலது பாதத்தைத் தொட்டார். மேல்பாதத்தில் இரண்டு விரல்களை வைத்து அழுத்திப் பார்த்தார், இடம் மாற்றி வைத்துப் பார்த்தார், கணுக்காலுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். எங்கேயும் துடிப்பு அகப்படவில்லை போலும். அலமாரியிலிருந்து பேனா போன்ற ஒரு கருவியை எடுத்து முதலில் இடது காலில் வைத்தார். உஷ் உஷ் என்று யாரோ அவசரமாக நடப்பதுபோல் அறை முழுக்கச் சத்தம் கேட்டது. “இதுதான் ரத்தம் ஓடற சத்தம்” என்றார். பிறகு வலது காலில் வைத்தார். கருவி கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் ஆசைப்பட்டார் என்று நினைக்கிறேன், ஒருமுறை மறுபடி இடது காலில் வைத்துச் சோதித்துக்கொண்டார். அங்கே நன்றாக வேலை செய்தது.

உடனே ஸ்கேன் மையத்துக்கு ஃபோன் போனது. அங்கிருந்து அசல் படங்கள் அவருடைய திரைக்கே வந்துசேர்ந்தன. இவ்வளவு எளிதாக வரக்கூடியவை முன்பே ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. நோயாளி எல்லாவற்றையும் கேட்கக்கூடாது. திரையில் என் வலது காலின் குழாய் தொடையிலிருந்து ஒழுங்காக இறங்கி வந்து, முழங்காலுக்குக் கீழே சட்டென்று நின்றுவிட்டது. காண்டிராக்டர் பணத்தை வாங்கிக்கொண்டு பாதியில் விட்டுப்போன சாலை மாதிரி. சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் படிவுகள். டாக்டர் நாற்காலியைத் திருப்பினார். “யார் இந்தப் படத்துல கை வெச்சது?” என்றார். குரலில் இருந்த சூட்டை உங்கள் அத்தை பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். “எங்க மாப்பிள்ளைதான் டாக்டர். ரொம்ப நல்லாப் பண்ணுவார். உங்க வீட்டு விசேஷம் எதுக்காவது வேணும்னாலும் சொல்லுங்க” என்றாள்.

உங்கள் மனைவிதான் பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். “அவர் நல்லதுக்குத்தாம்ப்பா பண்ணினார். ஸ்கேன்காரங்க எடுத்தது சரியா வரலை, நடுவுல எடுபடவே இல்லைன்னு நினைச்சுட்டார். வெள்ளையா அழுக்கு வேற இருந்துச்சாம். மாமா படத்தை இப்படிக் குடுத்தா நம்ம கடை பேர் என்ன ஆகும்னு, நல்லா வந்திருந்த காலை எடுத்து அந்தப் பக்கம் திருப்பிப் போட்டாராம். ராத்திரி சாப்பிடாமக்கூட உட்கார்ந்து பண்ணினார்.” டாக்டர் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நோயை ஒளிப்படக்காரரின் தவறாக நினைத்துத் திருத்தும் ஒருவரைப் பற்றி அவர் படித்த எந்தப் புத்தகமும் எச்சரித்திருக்காது. “கம்பியையாவது அழிச்சிருக்கக் கூடாதா அவர்?” என்று கடைசியில் கேட்டார். நான் உங்கள் பக்கம் நின்றேன். “அழிச்சிருந்தா இன்னிக்கும் என்னை நடக்கச் சொல்லியிருப்பீங்க டாக்டர்” என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு மரியாதையாகப் பேசத் தொடங்கினார். படத்தைப் பேசவிடுவதை விட்டுவிட்டு அவரே விளக்கினார். அந்தக் காய்ச்சல் ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கி, ரத்தத்தையும் கெட்டியாக்கிவிட்டுப் போயிருக்கிறதாம். ஏற்கெனவே சர்க்கரையாலும் வயதாலும் படிவு இருந்த இடமாகப் பார்த்து ரத்தம் உறைந்துவிட்டதாம். “காய்ச்சல் போயிடுச்சுன்னு நீங்க நினைச்சீங்க. அது போறப்ப கதவைச் சாத்திட்டுப் போயிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியிருக்கும்” என்றார். நடக்கச் சொன்னது யார் என்பதை இருவரும் நாகரிகமாகத் தவிர்த்துவிட்டோம்.

அன்றே சேர்த்துவிட்டார்கள். தொடை இடுக்கில் ஒரு துளை போட்டு, மெல்லிய குழாயை உள்ளே விட்டு, உறைந்ததை மருந்தால் கரைத்தும் கரையாததை உறிஞ்சியும் எடுத்தார்கள். வலித்ததா என்று கேட்பீர்கள். படத்தில் வலி தெரியாது. பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் இதே காய்ச்சல், இதே உறைவு. ஆனால் அவருடையது காலில் நிற்காமல் நுரையீரலுக்குப் போய்விட்டது. “எனக்கு எக்ஸ்பிரஸ் சார், நடுவுல எங்கயும் நிக்கலை” என்று பெருமையாகச் சொல்கிறார். மூக்கில் குழாயோடு அவர் என் கதையைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார். “சார், என் நுரையீரலையும் உங்க மாப்பிள்ளைகிட்ட குடுத்தா சரிபண்ணித் தருவாரா?” என்கிறார். பின்னணி எந்த நிறத்தில் வேண்டும் என்று கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வார்டு முழுக்க இப்போது உங்களைத் தெரியும். நர்ஸ்கள் என் கட்டிலை ‘ஆல்பக் கட்டில்’ என்கிறார்கள். இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு புகழ் எங்கள் குடும்பத்தில் யாரும் அடைந்ததில்லை.

நிலைமை இதுதான்: பாதத்தில் சூடு திரும்பியிருக்கிறது. விரல்களின் நிறம் திரும்பவில்லை. நாளைக் காலையில் மறுபடி ஸ்கேன். ரத்தம் எதுவரை போகிறது என்பதைப் பார்த்துவிட்டு, கால் முழுதாகத் தங்குமா, பாதியா, எவ்வளவு என்பதை முடிவு செய்வார்களாம். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. சும்மா படுத்திருக்கிற நேரத்தில் இரண்டு கட்டைவிரல்களையும் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது உடற்பயிற்சி.

ஆகவே, மாப்பிள்ளை, உங்களிடம் மிகப் பணிவோடு சில விண்ணப்பங்கள். நீங்கள் இங்கே வர வேண்டாம். கல்யாணங்களை அவசரப்படுத்த வேண்டாம். அவை தங்கள் வேகத்தில் நடக்கட்டும். நாளை எடுக்கும் ஸ்கேன் உங்கள் கண்ணில் படாது, அதற்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது. நேராகத் திரையிலிருந்து திரைக்குப் போகும், நடுவில் யாரும் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இனி என் உடம்பின் எந்தப் பகுதியின் படமும், உள்ளே எடுத்ததோ வெளியே எடுத்ததோ, உங்கள் கணினிக்குள் நுழையக்கூடாது. அடையாள அட்டைக்கான படமாக இருந்தாலும் சரி. என் முகத்தில் இருக்கும் சுருக்கங்கள் என்னுடையவை. நான் வேலை செய்து சம்பாதித்தவை. ஆல்பத்தை டாக்டர் தன் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். எதை உதாரணமாகக் காட்டப்போகிறார் என்று கேட்கவில்லை. இந்தக் கடிதத்தில் எங்காவது என் வார்த்தை உங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால், அந்த இடத்தை நீங்களே அழித்துவிட்டுப் பக்கத்து வரியை எடுத்துத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் தொழில் மேலும் மேலும் ஓங்கட்டும். உங்கள் கைபட்ட மணமக்கள் எல்லோரும் படத்தில் இருப்பதுபோலவே வாழட்டும். நீங்களும் என் மகளும் எல்லா நலமும் பெற்று, காய்ச்சல் ஏதும் அண்டாமல், நிறைந்த ஆயுளோடும் தங்குதடையில்லாத ரத்த ஓட்டத்தோடும் இருக்க மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதி, உறையில் போடாமல் வைத்திருந்தேன். இன்று காலை ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. கால் தப்பித்தது. பாதம் தப்பித்தது. ரத்தம் எல்லா இடத்துக்கும் போகிறது, சுண்டுவிரலைத் தவிர. அதை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். ஒரு சுண்டுவிரல், அதை வைத்துக்கொண்டு நான் பெரிதாக எதையும் செய்ததில்லை. ஆனால் உங்கள் அத்தையிடம் இதை யாரும் இன்னும் சொல்லவில்லை. நடிப்பு என்று சொன்னதையும், நாரை வைத்துத் தேய்த்ததையும் நினைத்துக்கொண்டு, இங்கே சேர்த்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருக்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார், நம்பவில்லை. நான் சொன்னேன், என்னை என்றைக்கு நம்பியிருக்கிறாள்? “படத்தை என் கண்ணால பார்க்கணும். மாப்பிள்ளை வந்து காட்டினாத்தான் நம்புவேன்” என்கிறாள். நடந்த இவ்வளவுக்குப் பிறகும், படம் விஷயத்தில் அவள் நம்புகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

டாக்டரிடம் அசல் இருக்கிறது. அவர் அதைப் பார்த்துத்தான் விரலை எடுக்கப்போகிறார், இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒரு பிரதியைப் பென் டிரைவில் வாங்கி இந்த உறைக்குள் போட்டிருக்கிறேன். மேலே எழுதிய விண்ணப்பங்களைத் தள்ளிவைத்துவிட்டு, கல்யாணத்தை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் கிளம்பி வரவும். ஆல்பம் வேண்டாம், ஒரே ஒரு பிரிண்ட் போதும். விரலைக் கட்டுக்குள் வைத்து எப்படியும் கொஞ்ச நாள் மறைக்கலாம், அதற்குள் நல்ல நேரம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன். இப்போதைக்கு அந்தச் சுண்டுவிரல் வரை ரத்தம் போவதுபோல் இருந்தால் போதும், மாப்பிள்ளை. அவள் சாப்பிட்டுவிடுவாள்.